மேல்காற்று அடிக்கும் கொல்லையில் ஏர்கன்: கனமான பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஏர்கன் வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்றுதான். பெட்டியிலும் நொடிக்கு ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண் பெரும்பாலும் எடை குறைந்த உலோகக் கலவை பெல்லட்டை (ஏர்கன்னில் போடும் சிறு குண்டு) போட்டு அளந்தது. நாம் சுடும் ஈய பெல்லட்டில் அது வராது. வரவும் வேண்டாம். மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கம் வீட்டுக் கொல்லையிலோ தென்னந்தோப்பிலோ 20, 25 மீட்டரில் குறி அட்டையைச் சுட்டுப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேகத்தை மிதமாக வைத்துக்கொண்டு எடையைக் கூட்டுங்கள்.

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்களிடம் இது பழைய வாதம். 1873-இல் வந்த 45-70 என்ற ரைஃபிள் தோட்டாவில் 405 கிரெயின் (சுமார் 26 கிராம்) குண்டு, வேகம் நொடிக்குச் சுமார் 400 மீட்டர்தான். இன்றைய ரைஃபிள்களோடு ஒப்பிட்டால் மாட்டுவண்டி. ஆனாலும் அதை அவர்கள் இன்னும் கைவிடவில்லை. அங்கே கனமான குண்டு ஆழமாக இறங்க வேண்டும் என்பது கணக்கு. நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆடிக்காற்றில் பெல்லட் ஒதுங்காமல் போனால் போதும்.

முதலில் சட்டம்

ஆயுத விதிகள் 2016-இன்படி, குழாயின் விட்டம் 4.5 மி.மீ.க்கு (0.177 அங்குலம்) மிகாமலும், குண்டு வெளியேறும்போது ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. இந்த 20 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள், கீழே மறுபடியும் வரும்.

அப்புறம், சுடுவது அட்டையை மட்டும்தான். நம் பக்கத்தில் ஏர்கன் என்றாலே கொக்கு, மடையான் என்று பேச்சு போகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 அதற்கு இடம் தரவில்லை. வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் பறவைகள் சரணாலயங்கள். கோடியக்கரையில் வெளிமானும் புள்ளிமானும் மேய்வது சரணாலயத்துக்குள். ஆனால் சரணாலயத்துக்கு வெளியே, உங்கள் சொந்த வயலில் நிற்கும் பறவையும் அதே சட்டத்துக்குள்தான் வருகிறது.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

பெல்லட் டப்பா வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகையா, முன்கூட்டியே காற்று அடைத்து வைக்கும் பிசிபி வகையா? எடையைக் கூட்டினால் இரண்டும் வேறுவேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஸ்பிரிங் வகையில் பிஸ்டன் ஓடி வந்து காற்றை நெருக்கி பெல்லட்டைத் தள்ளுகிறது. பெல்லட் மிக லேசாக இருந்தால் எதிர்ப்பு இல்லாமல் பிஸ்டன் முட்டி மோதும், உள்பாகம் சீக்கிரம் தேயும். மிகக் கனமாக இருந்தால் பிஸ்டன் பாதியில் எம்பித் திரும்பும், ஆற்றல் வீணாகும். பெல்லட் குழலுக்குள் கூடுதல் நேரம் இருப்பதால் கை நடுக்கமும் குறியில் தெரியும். ஆகவே ஸ்பிரிங் துப்பாக்கிக்கு "கனம்" என்றால் நடுத்தரத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். பிசிபி அப்படியில்லை. அதில் எடை கூடக்கூட வேகம் குறைந்தாலும் ஆற்றல் பெரும்பாலும் கூடும்.

எடையைப் படிப்பது

பெல்லட் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம். 4.5 மி.மீ. ஈய பெல்லட்டில் 7 முதல் 8 வரை லேசு, 8.5 பக்கம் நடுத்தரம், 10-க்கு மேல் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜே.எஸ்.பி. கம்பெனியின் எக்ஸாக்ட் பெல்லட் 8.44 கிரெயின், அதன் ஹெவி ரகம் 10.34, எச் அண்ட் என் கம்பெனியின் பாராகுடா 10.65.

இப்போது கணக்கு. எடையைக் கிராமில் எடுங்கள். வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, எடையாலும் பெருக்கி, 2000-ஆல் வகுத்தால் ஜூல். 8.44 கிரெயின் என்பது 0.547 கிராம். 250 மீட்டர் வேகத்தில் 17.1 ஜூல், வரம்புக்குள் இருக்கிறது. அதே வேகத்தில் 10.34 கிரெயின் (0.67 கிராம்) போனால் 20.9 ஜூல். வரம்பு தாண்டிவிட்டது! லேசான பெல்லட்டில் 19 ஜூலைத் தொடும் பிசிபி வைத்திருப்பவர்கள், கனமான டப்பாவைத் திறக்குமுன் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்திருக்கும் யாரிடமாவது வேகத்தை அளந்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஏன் மித வேகம்?

நம் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டரை ஒட்டி இருக்கும். இடுப்புச் சிறுத்து, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்த பெல்லட் அந்த வேகத்தை நெருங்கினால் தள்ளாடத் தொடங்கும், குறி சிதறும். 280-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. 220-இலிருந்து 250 வரை எனக்குப் பிடித்த இடம்.

இந்த வேகத்தில் கனமான பெல்லட்டுக்கு ஒரு குறை உண்டு, கூடுதலாகத் தாழும். 25 மீட்டரில் 250-இல் கிளம்பிய 8.44-ஐவிட, 220-இல் கிளம்பிய 10.34 ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. கீழே விழும். இதைப் பெரிய விஷயமாக்க வேண்டியதில்லை. தாழ்வு தினமும் ஒரே அளவுதான். குறிபார்க்கும் சைட்டை ஒருமுறை திருப்பி வைத்தால் முடிந்தது. காற்றை அப்படித் திருப்பி வைக்க முடியுமா? ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று விட்டுவிட்டு அடிக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கமென்றால் பிற்பகலில் கடல்காற்று எதிர்த் திசையிலிருந்து வரும். லேசான பெல்லட் வழியில் வேகத்தைச் சீக்கிரம் இழந்து காற்றுக்குப் பணிந்துவிடும். கனமானது இழப்பது குறைவு, ஒதுங்குவதும் குறைவு.

தலையும் விட்டமும்

10 மீட்டர் போட்டிக்குத் தட்டைத் தலை பெல்லட். அட்டையில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை போடும். 20 மீட்டருக்கு மேல் உருண்டைத் தலைதான். கூர்முனை பார்க்க மிரட்டலாக இருக்கும், துல்லியத்தில் அநேகமாகப் பின்தங்கும். வாங்காதீர்கள். டப்பாவில் 4.50, 4.51, 4.52 என்று தலை அளவு போட்டிருந்தால் உங்கள் குழலுக்கு எது பொருந்துகிறது என்று சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சுட்டுப் பார்ப்பது

சுவரோ கருங்கல்லோ பின்னணியாக வேண்டவே வேண்டாம், ஈயம் திரும்பி வரும். கெட்டியான பலகைப் பெட்டியில் வாய்க்கால் களிமண்ணைப் பிசைந்து அடைத்து, அதன்மேல் அட்டையை ஒட்டுங்கள். நம் ஊரில் களிமண்ணுக்கா பஞ்சம்? காய்ந்து வெடித்தால் தண்ணீர் தெளித்து மறுபடி பிசையுங்கள். பெட்டிக்குப் பின்னால் ஆள் நடக்கும் வரப்போ கொல்லைப் பாதையோ இருந்தால் அந்த இடமே சரிப்படாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள்.

காற்று இல்லாத அதிகாலையில் தொடங்குங்கள். 8.44-இல் ஒரு டப்பா, 10-க்கு மேல் ஒரு டப்பா போதும். பெல்லட் மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குழல் புதிய ஈயத்துக்குப் பழக வேண்டும். பிறகு ஐந்து ஐந்தாக, மூன்று அட்டைகள். ஒவ்வொன்றிலும் மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடு வரை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியைப் பிடித்து நெரிக்காமல் தளர்வாகத் தாங்குங்கள். மேசைமேல் நேராக வைத்துச் சுட்டால் துள்ளும்.

அடுத்து மேல்காற்று அடிக்கும் மத்தியானத்தில் அதே டப்பாக்களை அதே தூரத்தில் சுடுங்கள். அட்டையில் ஓட்டைகளின் கூட்டம் பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். காலையில் இரண்டும் ஒன்றுபோல் இருந்து, மத்தியானம் கனமானது குறைவாக நகர்ந்திருந்தால் அதையே வாங்குங்கள். காலையிலேயே கனமானது சிதறினால், உங்கள் ஸ்பிரிங்குக்கு அது தாங்கவில்லை என்று அர்த்தம். 9 கிரெயின் பக்கம் இறங்கிப் பாருங்கள்.

வாங்கும்போது ஒரே தயாரிப்புத் தொகுதி எண் உள்ள டப்பாக்களாக எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஈயம் வெள்ளையாகப் பூத்துவிடும். மூடியை இறுக்கி, உலர்ந்த அலமாரியில் வையுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.