பவுண்டேஷன் ஆண்டுக்குப் பணம் கட்டும் முன்

வேலூர், குடியாத்தம் பக்கம் பிளஸ் டூ முடித்துவிட்டு, பிரிட்டனில் பிசியோதெரபியோ ரேடியோகிராபியோ படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பவுண்டேஷன் ஆண்டு, அதாவது பட்டப்படிப்புக்கு முந்தைய ஆயத்த ஆண்டு, சேர்ந்தால் 3 ஆண்டுப் படிப்பு 4 ஆகும், செலவும் கூடும். அதில் தேறினாலே முதலாண்டில் இடம் உறுதியா, தனியாக நேர்முகத் தேர்வு உண்டா என்று பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேளுங்கள். ஏஜென்டின் வாய்ப்பேச்சு போதாது. 'சுகாதார அறிவியல்' என்ற பொதுப் பெயரில் தரும் பட்டமெல்லாம் தொழில் பதிவுக்கு உதவாது. பிரிட்டனில் இந்தத் தொழில்களுக்குப் பதிவு தரும் அமைப்பான எச்.சி.பி.சி. அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. உயிரியலில் நல்ல மதிப்பெண் இருந்தால் நேரடியாக முதலாண்டிலேயே சேர வாய்ப்புண்டா என்பதை முதலில் விசாரியுங்கள். பிசியோதெரபி நம்மூர் சி.எம்.சி.யிலும் இருக்கிறது, இந்தக் கூடுதல் ஆண்டு இல்லாமலே.