மாவட்டத் தேர்ச்சி விழுக்காடும் பெற்றோர் கருத்தும்: ஜூனில் செய்ய வேண்டியவை

பொதுத்தேர்வு முடிவோடு வெளியாகும் மாவட்டத் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்துத் தஞ்சாவூரையோ திருவாரூரையோ எடைபோட வேண்டாம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் பாடவாரித் தேர்ச்சியையும் காலியான ஆசிரியர் பணியிடங்களையும் ஜூனிலேயே தலைமையாசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரும் பாதுகாவலருமே என்பதால், கருத்தை அங்கே எழுத்தில் கொடுத்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்வதே பலன் தரும். "கற்பித்தல் சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல், "ஏழாம் வகுப்பில் இரண்டு வாரமாகக் கணக்குப் பாடம் நடக்கவில்லை" என்று எழுதுங்கள். குறுவை நடவுக்குப் போகும் தாய்மார்கள் பகல் கூட்டத்துக்கு வர இயலாது. அவர்கள் குரல் விடுபடுவது பெரும் அநீதி என்பதால், கூட்டத்தை மாலையில் வைக்குமாறு முன்கூட்டியே கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய தீர்மானம் என்னவாயிற்று என்பதை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.