நெல்லையைப் பேருந்தில் சுற்றிப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் என் அருகே நின்று கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பற்றி ஆவலுடன் பேசிக்கொண்டிருந்த இரண்டு கல்லூரி மாணவர்கள், ‘திருச்செந்தூர்’ என்ற பலகையைக் கண்டதும் யாரிடமும் ஒரு சொல் கேட்காமல் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். நான் கூப்பிடுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. குடை, தண்ணீர், தொப்பி பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, ஒரு நாளையே கெடுத்துவிடும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

நிற்குமா என்று கேட்காமல் ஏறுவது

திருச்செந்தூர் சாலையில் செல்லும் பேருந்துகள் எல்லாம் கிருஷ்ணாபுரத்தைக் கடந்துதான் போகின்றன. ஆனால் எல்லாம் அங்கே நிற்பதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல், மும்பையிலிருந்து ஒரே ஒரு நாள் தங்க வந்திருந்த என் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு, முதலில் புறப்பட்ட வண்டியில் ஏறி, சன்னலோர இருக்கை கிடைத்த மகிழ்ச்சியில் அமர்ந்துவிட்டேன். சமாதானபுரம் தாண்டிய பிறகு பயணச்சீட்டு கேட்டபோது, “அங்க நிக்காது அண்ணாச்சி, ஏறும்போதே கேட்டிருக்கலாம்லா” என்றார் நடத்துநர். அவர் சொன்னதில் பிழையே இல்லை. ஸ்ரீவைகுண்டம் வரை போய் இறங்கி, வெயிலில் காத்திருந்து, எதிர்த்திசையில் வந்த சாதாரணப் பேருந்தைப் பிடித்துக் கோயில் வாசலை அடைந்தபோது உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்தியிருந்தார்கள். இனி மாலையில்தான் திறப்பார்கள். பெரியப்பாவுக்கோ மாலையில் ரயில்.

குறவன் அரசகுமாரியைத் தூக்கிச் செல்வதும், குறத்தி அரசகுமாரனைச் சுமந்து செல்வதும், கர்ணனும் அர்ச்சுனனும், நாயக்கர் காலச் சிற்பிகளின் கையில் ஒரே கல்லில் தூணும் சிலையுமாக எழுந்து, நகக்கண்ணும் புடைத்த நரம்பும் தெரிய நிற்கும் அந்த மண்டபத்தைக் காணாமலே அவர் திரும்பினார். அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை. ஒரு கேள்வியைக் கேட்கச் சோம்பியதால் நேர்ந்த இழப்பு அது என்பதால், மற்றவர்கள் அப்படி ஏறுவதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

படியில் கால் வைக்கும் முன், பக்கத்தில் நிற்கும் பயணியிடம் அல்ல, நடத்துநரிடமே, “அண்ணாச்சி, கிருஷ்ணாபுரம் நிக்குமா?” என்று கேளுங்கள். விசாரிக்கும்போது ‘திருச்செந்தூர் ரோடு கிருஷ்ணாபுரம்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். கடையநல்லூர் அருகிலும் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பெயர்பெற்ற ஒரு கிருஷ்ணாபுரம் இருக்கிறது. அது நேர் எதிர்த்திசை.

உச்சிப்பொழுதை மறந்து திட்டமிடுவது

கிருஷ்ணாபுரத்தைக் காலையிலும், நெல்லையப்பர் கோயிலை மாலையிலும் வைத்துக்கொண்டால் நடராசரின் தாமிர சபையையும் இசைத் தூண்களையும் அவசரமின்றிப் பார்த்துவிட்டுக் கிழக்கு ரத வீதிக்கு அல்வா வாங்க வரலாம். நடை சாத்தியிருக்கும் நடுப்பகலுக்குக் கொக்கிரகுளம் அறிவியல் மையமோ, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகமோ பொருந்தும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

திருநெல்வேலி என்றால் ஒரே இடம் என்று நினைப்பது

வெளியூர்ப் பேருந்து உங்களை இறக்கிவிடும் புதிய பேருந்து நிலையம் தாமிரபரணிக்குக் கிழக்கே, பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறது. ரயில் நிலையம் உள்ள ஜங்ஷன் ஆற்றுக்கு மேற்கே. நெல்லையப்பர் கோயில் உள்ள டவுன் அதற்கும் மேற்கே. ஆகவே பலகையில் திருநெல்வேலி என்று தேடாமல், டவுன், ஜங்ஷன், பாளை (பாளையங்கோட்டை) என்று தேடுங்கள்.

பாலங்களை இருக்கையில் இருந்தபடியே கடந்துவிடுவது

ஜங்ஷனுக்குப் போகும் பேருந்திலிருந்து கொக்கிரகுளத்திலேயே இறங்கிவிடுங்கள். சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்து 1843இல் திறக்கப்பட்ட பாலத்தில் ஆற்றைப் பார்த்தபடி நடந்து ஜங்ஷன் பக்கம் சேரலாம். அங்கிருந்து டவுனுக்குப் போகும் வழியில், ரயில் தண்டவாளங்களுக்கு மேலே, 1973இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறது. பேருந்து மேல் அடுக்கில் ஓடிவிடும் என்பதால் அதில் அமர்ந்திருப்பவருக்குக் கீழே இன்னொரு சாலை இருப்பதே தெரியாது. கீழ் அடுக்கில் ஒரு முறையாவது நடந்து பாருங்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த நடை அதுதான்.

சில்லறை இல்லாமல் ஏறுவது

பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் போதும்.

எல்லாப் பேருந்திலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று எண்ணுவது

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டுமே அவர்களுக்குக் கட்டணம் இல்லை.

திரும்பும் நேரம் பாராமல் திருச்செந்தூர் ரயிலில் ஏறுவது

ஆழ்வார்திருநகரியில் இறங்கிக் கோயிலின் உறங்காப்புளி என்னும் புளியமரத்தைக் காண விரும்புவோருக்கு இந்த ரயில் இனிமையானது. ஆயினும் இத்தடத்தில் ரயில்கள் குறைவு. திரும்பும் ரயிலின் நேரத்தை நெல்லையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்; அது தவறினால் நெல்லைப் பேருந்துக்குப் பிரதான சாலைக்கு வந்துதான் நிற்க வேண்டும்.