விழாவுக்கு அரசு நிதி: முதல்முறை கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நான்கு இளம் பிள்ளைகள் ஒரு கோப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மெல்பேர்ணின் தென்கிழக்கில் புதிதாக ஒரு தமிழ்ச் சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். தைப்பொங்கல் விழாவுக்கு அரசிடம் நிதி கேட்கப் போகிறோம், படிவத்தை ஒருக்கால் பார்த்துத் தாருங்கள் அண்ணா என்றார்கள். கோப்பைத் திறந்தேன். முதல் தாளே மண்டபத்துக்கு முற்பணம் கட்டப் பேசிவைத்த கடிதம், நாளையத் திகதியோடு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினொரு வருடத்துக்கு முன் நான் செய்த அதே பிழை.

2021 குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் 95 ஆயிரத்துக்கு மேல். புதுச் சங்கங்கள் இன்னும் வரும். கடைசி நாளைத் தவறவிடாதீர்கள், படிவத்தை முழுக்க நிரப்புங்கள் என்பதெல்லாம் எவரும் சொல்லித் தருவார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் காசு கொடுப்பது

ஏற்கெனவே செய்துவிட்ட செலவுக்கு அரசு நிதித் திட்டங்கள் பொதுவாகக் காசு தருவதில்லை. வழிகாட்டியில் இது ஒரே ஒரு வரியாக, எங்கோ நடுப்பக்கத்தில் கிடக்கும்.

அந்த வருடம் நான்தான் செயலாளர். செப்டெம்பரில் விண்ணப்பித்தோம். ஒக்டோபர் முழுக்கப் பதில் இல்லை. ஜனவரியில் மண்டபம் கிடைக்காது என்று ஆளாளுக்குப் பயமுறுத்த, நவம்பரிலேயே மண்டபம், மேடை, ஒலி மூன்றுக்கும் முழுக்காசைக் கட்டிவிட்டேன். டிசம்பர் முதல் வாரம் "தெரிவாகியுள்ளீர்கள்" என்று மின்னஞ்சல் வந்தது. விழாவும் நன்றாக நடந்தது. மார்ச்சில் கணக்கு ஒப்படைத்தபோது மூன்று இன்வொய்ஸும் திரும்பி வந்தன, ஒவ்வொன்றிலும் திகதியைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு. ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்திட்டது டிசம்பர் 11. இன்வொய்ஸ்களில் இருந்தது நவம்பர் 6, 6, 14. கிடைத்த 4,000 டொலரில் 3,100ஐத் திருப்பிக் கட்டினோம். பிள்ளைகளின் பேச்சுப்போட்டிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காசு அதிலேயே போனது. அந்த வருடம் போட்டி இல்லை.

இப்போதும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்: தெரிவானதைச் சொல்லும் மின்னஞ்சலைச் செலவழிக்கத் தந்த அனுமதி என்று நினைக்கிறார்கள். தெரிவு வேறு, ஒப்பந்தம் வேறு. ஒப்பந்தத்தில் செலவு எந்த நாளிலிருந்து செல்லும் என்று எழுதியிருக்கும். அந்த நாளைப் பெரிதாக எழுதிப் பொருளாளர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.

சரி, மண்டபத்தை எப்படிப் பிடிப்பது? முதலில், காசில்லாமல் திகதியை மட்டும் கொஞ்சநாள் பிடித்து வைப்பார்களா என்று கேளுங்கள். முற்பணம் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், வரவுசெலவு அட்டவணையில் மண்டபத்தைச் சங்கத்தின் சொந்தப் பங்காகக் காட்டுங்கள். அரசிடம் கேட்கும் பக்கத்தில் விழாவை ஒட்டி வரும் செலவுகளை வையுங்கள்: காவலர், நடமாடும் கழிப்பறை, கூடாரம், கலைஞர் ஊதியம். மொத்தத் தொகை மாறாது, எந்தக் காசில் எது என்பதுதான் மாறும். அந்தப் பிள்ளைகளுக்கும் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இதைத்தான் செய்து கொடுத்தோம். இன்னொன்று: சந்தேகம் இருந்தால் அதிகாரியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கிடைத்த பதிலை மார்ச்சில் யாரிடம் காட்டுவீர்கள்?

"எங்கட சனத்துக்கான விழா" என்று எழுதுவது

எங்கள் விக்ரோறியா மாநிலத்தில் 2011இல் வந்த பல்கலாசார விக்ரோறியாச் சட்டம், அவரவர் பண்பாட்டைப் பேணும் சுதந்திரத்தையும் எல்லாச் சமூகங்களும் இணங்கி வாழ்வதையும் ஒருங்கே பேசுகிறது. நாங்கள் விண்ணப்பத்தில் முதல் பாதியை மட்டும் நான்கு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் "அனைவரையும் வரவேற்கிறோம்" என்று ஒரு வரி சேர்க்கிறோம். அது போதாது. யாரை, எப்படி அழைக்கிறீர்கள், வந்தவருக்கு விளங்குமா என்று எழுத வேண்டும்.

மெல்பேர்ணின் டண்டினோங் பகுதியில் தோமஸ் தெருவில் ஆப்கான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வருடம் அங்கே போய் ஒரு ரொட்டிக்கடைக்காரரை எங்கள் விழாவுக்கு வரும்படி கேட்டோம், வந்தார். பொங்கல் பானைக்குப் பத்தடி தள்ளி அவருடைய நீள ரொட்டி அடுக்கு. பானை பொங்கும் நேரம் ஏன் எல்லோரும் கூவுகிறார்கள் என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல, அவர் தன் மகளைத் தோளில் தூக்கிக் காட்டினார். அடுத்த விண்ணப்பத்தில் அதை அப்படியே எழுதினேன்.

காப்புறுதி

மண்டபத்துக்காரர் எடுத்த பொதுப் பொறுப்புக் காப்புறுதி (வந்தவருக்குக் காயமோ சேதமோ நேர்ந்தால் ஈடுகட்டுவது) உங்கள் சங்கத்துக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு சங்கத்தின் பெயரில் போவது

சில திட்டங்களில் பதிவில்லாத குழுக்கள் பதிவுள்ள சங்கத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். ஆனால் காசு யார் கணக்குக்கு வரும், எத்தனை நாளில் கைமாறும், கணக்கை யார் ஒப்படைப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்த மச்சானின் சங்கமாக இருந்தாலும்.

அரசின் இலச்சினை

ஒப்பந்தம் கேட்டால் பதாகையில் போட மறக்காதீர்கள். அச்சுக்குப் போகுமுன் மாதிரியைக் காட்டி அனுமதி வாங்குங்கள்.

பற்றுச்சீட்டு

கடை இயந்திரத்தில் வரும் பளபளப்பான சீட்டு வெயிலுக்குத் தாங்காது. அரிசி, சர்க்கரை, முந்திரிகை வாங்கிய சீட்டுகளைக் காரின் முன்பெட்டிக்குள் போட்டு வைத்தார் எங்கள் தொண்டர் ஒருவர். ஜனவரி வெயிலில் இரண்டு வாரம். எடுத்தபோது கடையின் பெயர்கூடத் தெரியவில்லை, வெறும் சாம்பல் நிறத் தாள். கடையை விட்டு வெளியே வந்ததும் படம் எடுத்துப் பொருளாளருக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம்தான் காரை எடுக்க வேண்டும்.