கோடிங் கத்துக்கும்போதே ஓப்பன் சோர்ஸ் பாடங்களுக்கு கான்ட்ரிப்யூட் பண்றது எப்படி

ஓப்பன் சோர்ஸ்னாலே, அதாவது யார் வேணாலும் பாத்து திருத்தம் அனுப்பக்கூடிய ப்ராஜெக்ட்னாலே, பெரிய கோடிங் புலியா இருக்கணும்னு நம்ம ஊரு பசங்க நிறைய பேர் ஒதுங்கிடுறாங்க, ஆனா ஆரம்பப் பாடங்கள் விஷயத்துல கதையே வேற. ஓஎம்ஆர்ல பல வருஷமா வேலை பாக்குறவருக்கு ஃபார் லூப் புரியாம முழிச்ச நாளெல்லாம் மறந்தே போயிருக்கும், நீங்க போன வாரம்தான் முழிச்சிருப்பீங்க, அதனால பாடத்துல ஓட்டை எங்கன்னு உங்களுக்குத்தான் பளிச்சுனு தெரியும்.

அதனால புதுசா ஒரு டுடோரியல் எழுதுறேன்னு கெளம்பாதீங்க, அது ஏற்கனவே ஆயிரம் கெடக்கு. படிக்கும்போதே எங்க மாட்டுறீங்களோ அங்க எந்தப் பக்கம், என்ன டைப் பண்ணீங்க, என்ன எரர் வந்துச்சுன்னு போன்லயே குறிச்சு வைங்க, தாம்பரம் ட்ரெயின்ல நின்னுக்கிட்டே கூட செய்யலாம்.

உதாரணத்துக்கு ரெண்டு மார்க்கை வாங்கி கூட்டுற பைத்தான் பாடம்னு வச்சுக்கோங்க. இன்புட்ல 40 குடுத்துட்டு அடுத்து 45 குடுத்தா 85 வரணும்ல, 4045னு வந்து நிக்கும். ஏன்னா இன்புட் எதைக் குடுத்தாலும் ஸ்ட்ரிங்காதான், அதாவது வெறும் எழுத்தாதான் திருப்பித் தரும், ரெண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவுல பிளஸ் போட்டா ஒட்ட வச்சிடும், இன்ட் போட்டு நம்பரா மாத்தினாதான் கூட்டும். பாடம் இதைச் சொல்லாம அடுத்த டாபிக்குக்கு தாவியிருந்தா உங்க வேலை அங்கதான்: ரெண்டு வரி விளக்கம், கூடவே தப்பா வர்ற அவுட்புட்டையும் காட்டணும். தப்பான அவுட்புட்டைக் காட்டுறதுதான் முக்கியம், ஏன்னா படிக்கிற பையன் ஸ்கிரீன்ல பாக்கப் போறது அதைத்தான்.

இன்னும் சுலபமா கெடைக்கிறது பழைய சரக்கு. பைத்தான் 2க்கு சப்போர்ட் 2020 ஜனவரி 1 அன்னிக்கே முடிஞ்சு போச்சு, இன்னும் பிரிண்ட்டுக்கு பிராக்கெட் இல்லாத பாடங்கள் சுத்திட்டுதான் இருக்கு. அப்புறம் லினக்ஸ் கமாண்டை மட்டும் போட்டுட்டு விண்டோஸை கண்டுக்காத பாடங்கள், நம்ம காலேஜ் லேப்ல பாதி பேர் அங்கயே நின்னுடுவாங்க.

எங்க போய் செய்றது? வெப் டெவலப்மென்ட் இலவசமா கத்துக்கிற தளங்களான ஃப்ரீகோட்கேம்ப், எம்டிஎன், ஓடின் ப்ராஜெக்ட் எல்லாமே, கோடை எல்லாரும் சேந்து திருத்துற தளமான கிட்ஹப்ல இருக்கு. தமிழ்லயே செய்யணும்னா டெக் விஷயங்களை தமிழ்ல எழுதுற கணியம் இருக்கு, அவங்க புத்தகங்கள் மத்தவங்களும் பகிர்ந்துக்க விடுற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல வருது. லைசென்ஸை மட்டும் பாக்காம கை வைக்காதீங்க, பிஒய்-எஸ்ஏ இருந்தா பேரைப் போட்டு, அதே லைசென்ஸ்ல மாத்தி வெளியிடலாம், என்டி (மாத்தக் கூடாதுன்னு அர்த்தம்) இருந்தா மொழிபெயர்த்து வெளியிடக் கூட முடியாது, லைசென்ஸே போடலன்னா ஓசின்னு அர்த்தம் இல்ல, கேக்காம எடுக்கக் கூடாதுன்னு அர்த்தம்.

வேலை முறை ரொம்ப சிம்பிள். முதல்ல ப்ராஜெக்ட்ல இருக்குற கான்ட்ரிப்யூட்டிங் ஃபைலை படிங்க, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு ரூல் இருக்கும். அடுத்து இஷ்யூ பக்கத்துல, அதாவது பிழையையும் யோசனையையும் பதியற இடத்துல, மூடின இஷ்யூவையும் சேத்து தேடுங்க, இதையே யாராவது கேட்டு வேணாம்னு சொல்லியிருக்கலாம். எழுத்துப் பிழைன்னா கிட்ஹப்ல பென்சில் ஐகானை அமுக்கினா அதுவே உங்க கணக்குல ஒரு காப்பி எடுத்து ஃபோர்க் பண்ணிக்கும், மாத்தங்களைக் கணக்கு வைக்கிற கிட் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் கூட பண்ண வேணாம். விளக்கத்தையே மாத்துறதா இருந்தா இஷ்யூ போட்டு கேட்டுட்டு ஆரம்பிங்க. ஒரு புல் ரிக்வெஸ்ட்ல, அதாவது என் திருத்தத்தை சேத்துக்கோங்கன்னு அனுப்புற கோரிக்கையில, ஒரே ஒரு விஷயம், போற வழியில பத்து கமாவையும் திருத்திட்டு வந்தா ரிவ்யூ பண்றவருக்கு தலைவலிதான்.

எழுதினதை அனுப்புறதுக்கு முன்னாடி ஃபர்ஸ்ட் இயர் படிக்கிற தம்பியோ தங்கச்சியோ யாரையாவது உக்கார வச்சு படிக்க விடுங்க, நீங்க பக்கத்துல இருந்து வாயே தொறக்கக் கூடாது, "அது வந்து என்னன்னா"ன்னு நீங்க எங்க ஆரம்பிக்கத் தோணுதோ அங்கதான் எழுத்து சரியில்ல. ஆள் கெடைக்கலன்னா சென்னை பைத்தான் குழுவான சென்னைபை மாதிரி மீட்டப் பக்கம் போய் கேளுங்க.

தமிழ்ப் பாடமா இருந்தா உதாரணத்தையும் நம்ம ஊருக்கு மாத்துங்க, ஃபாரன்ஹீட் கணக்கை வச்சு இஃப்-எல்ஸ் எதுக்கு, ஈபி பில் இருக்கே, வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் ஃப்ரீ, அதுக்கு மேல ஸ்லாப்பு ஸ்லாப்பா ஏறும், கண்டிஷன் எழுத இதைவிட என்ன வேணும். ஆனா இங்கிலீஷ் மூலத்துல போய் இதை மாத்தாதீங்க, அது உலகத்துக்கே பொது. எரர் மெசேஜையும் தொடாதீங்க, ஸ்கிரீன்ல வர்ற மாதிரியே இருக்கட்டும்.

சாட்ஜிபிடி எழுதினதை அப்படியே ஒட்டுறது மட்டும் வேணவே வேணாம். ஏற்கனவே இப்படி குப்பை குவிஞ்ச கதை இருக்கு: புல் ரிக்வெஸ்ட் அனுப்பினா டீ-ஷர்ட் குடுக்குற அக்டோபர் நிகழ்ச்சியான ஹேக்டோபர்ஃபெஸ்ட்ல, 2020ல, அந்த டீ-ஷர்ட்டுக்காக ப்ராஜெக்ட் அறிமுக ஃபைலான ரீட்மீல சும்மா ரெண்டு வார்த்தை சேத்து ஸ்பேம் குவிஞ்சு, கடைசியில ரெப்போ (ப்ராஜெக்ட்) ஓனர் விருப்பப்பட்டு சேந்தாதான் கணக்குன்னு பாதியிலயே ரூலை மாத்தினாங்க, ப்ராஜெக்ட்டை பராமரிக்கிற மெயின்டெய்னருங்க இன்னும் அந்த கடுப்புல இருந்து முழுசா வெளிய வரல.

அனுப்பின பிறகு பதில் லேட்டாகும், பல பேர் சம்பளம் வாங்காம வேலை முடிஞ்சு வந்து ராத்திரி உக்காந்து பாக்குறாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மரியாதையா ஒரு தடவை கேளுங்க. மாத்தச் சொன்னா கோவிச்சுக்கிட்டு புதுசா இன்னொரு புல் ரிக்வெஸ்ட் போடாதீங்க, உங்க திருத்தம் இருக்குற அதே பிராஞ்ச்லயே (கிளையிலயே) திருத்தி புஷ் பண்ணுங்க, அதாவது கிட்ஹப்புக்கு ஏத்துங்க, பழைய பேச்செல்லாம் ஒரே இடத்துல இருக்கும்.