கடற்கரைக்கும் களரிக்கும் எந்தக் கமரா: மட்டக்களப்பில் படம் பிடிக்கிறவர்களுக்கு

"அண்ணே, எந்தக் கமரா நல்லது?" என்று கேட்டு வரும் தம்பி தங்கச்சிமாரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எங்கே, எத்தனை மணிக்கு எடுக்கப் போறீங்க? பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்லடிக் கடற்கரையா, இரவு பன்னிரண்டு மணிக்குக் கூத்துக் களரியா (கூத்து ஆடும் இடம்)? எங்கட பக்கத்து வேலை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. 6கே, 8கே கதையெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் வெயில். உச்சி நேரத்தில் ஐஎஸ்ஓ (கமராவின் வெளிச்ச உணர்வு) 800, ஷட்டர் 1/50 செக்கன் என்று வைத்தால், லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது துளை, எஃப்/16இல் இருந்தால்கூட நாலு ஸ்டொப் வெளிச்சம் கூடிப்போகும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). முகத்துக்குப் பின்னால் கடல் மங்கித் தெரிய எஃப்/2.8க்குத் திறந்தால் இன்னும் ஐந்து. ஆக ஒன்பது ஸ்டொப்பை என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி) தின்ன வேண்டும். மணலும் அலையும் திருப்பி அடிக்கிற வெளிச்சத்துக்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கோடு கமராக்களைப் பாருங்கள். கனன் சி70இன் உள்ளேயே பத்து ஸ்டொப் வரை என்டி இருக்கிறது. சோனி எஃப்எக்ஸ்6இல் 1/4 முதல் 1/128 வரை, அதாவது கூடியது ஏழு ஸ்டொப். பிளாக்மேஜிக் பொக்கெட் 6கே புரோவில் இரண்டு, நாலு, ஆறு. சோனி எஃப்எக்ஸ்3இலும் ரெட் கொமோடோவிலும் உள்ளே ஒன்றுமே இல்லை.

ஏழுதானே என்று எஃப்எக்ஸ்6ஐக் குறைவாக எடை போடாதீர்கள். அதன் என்டி படிப்படியாகத் தாவாது, வழுக்கிக்கொண்டு போகும். கலியாண வீட்டில் பொம்பிளை இருட்டு மண்டபத்திலிருந்து முற்றத்து வெயிலுக்கு நடந்து வரும் அந்த ஒரே ஷொட்டில், அப்பர்ச்சரைத் தொடாமல் என்டி சக்கரத்தை மட்டும் உருட்டி வெளிச்சத்தைப் பிடித்துவிடலாம். வேறு கமராவில் அதைச் செய்து பாருங்கள், அப்போது வாடகை ஏன் கூட என்று விளங்கும்.

எஃப்எக்ஸ்3 எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரு வேரியபிள் என்டியை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கலியாணத்துக்கு அது போதும். வாவியை எடுக்கத்தான் அது சரிவராது. வேரியபிள் என்டி என்பது இரண்டு போலரைசர் கண்ணாடிகள். கல்லடிப் பாலத்தில் நின்று தோணியைக் குறிவைத்துக்கொண்டு அதைத் திருப்பினால், வெளிச்சத்தோடு சேர்ந்து தண்ணீரின் மினுக்கமும் கூடிக் குறையும். அகல லென்ஸ் என்றால் வானத்தில் ஒரு பக்கம் கறுத்துப் போகும். அதற்குப் பதிலாக நிலையான என்டி இரண்டு வாங்குங்கள்: 0.9 ஒன்று (மூன்று ஸ்டொப்), 1.8 ஒன்று (ஆறு ஸ்டொப்). இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று மாட்டினால் மேலே சொன்ன ஒன்பது வந்துவிடும். 82 மில்லிமீற்றர் விட்டத்தில் வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டால் எல்லாவற்றுக்கும் அதுவே காணும். வாங்கும்போது உடுத்துகிற கறுப்புக் கோட்டு ஒன்றை வெயிலில் பிடித்து, ஃபில்டர் வழியே எடுத்துப் பாருங்கள். கோட்டு மண்ணிறமாகத் தெரிந்தால் அகச்சிவப்பு உள்ளே போகிறது என்று அர்த்தம். அந்த ஃபில்டர் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

இரவு வந்தால் கதை தலைகீழ். கூத்து வடமோடி, தென்மோடி எதுவானாலும் களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம் இருக்கும். நாங்கள் கொண்டுபோகிற லைட்டை நட்டால் எதிரில் இருக்கிற ஆச்சியின் கண்ணில்தான் அடிக்கும். ஆகவே இருக்கிற வெளிச்சத்தில் எடுக்கிற கமரா வேண்டும். எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்6 இரண்டுக்கும் அடிப்படை ஐஎஸ்ஓ (படம் சுத்தமாக வருகிற அளவு) 800, 12800 என்று இரண்டு. களரிக்கு அந்த இரண்டாவதுதான் உயிர். பொக்கெட்டுக்கு 400, 3200. இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். ஆனால் அது ஓடுகிற ஆளைத் தானாகத் தொடர்ந்து ஃபோகஸ் பண்ணாது. உடுப்பும் கிரீடமுமாகக் கூத்தர் சுழன்று ஆடிக்கொண்டு களரியைச் சுற்றி வரும்போது, ஃபோகஸ் இழுக்கத் தனி ஆள் இல்லையென்றால் சோனியோ சி70ஓ எடுங்கள். கொமோடோவின் குளோபல் ஷட்டர் (முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவது) அருமையான சாமான், எவ்வளவு வேகமாக அசைந்தாலும் உருவம் சரியாது. என்றாலும் இருட்டில் அது தடுமாறும். பகல் விளம்பர வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு 25 பிரேமில் 1/50 வைத்தால் லைட் மினுக்கம் வராது. யாராவது 24 பிரேம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஷட்டரை 172.8 பாகையில் வையுங்கள், அதுவும் 1/50தான். மலிவான எல்இடி ஃபோகஸ் லைட்டுகளும் ஜெனரேட்டரும் இந்தக் கணக்குக்கு அடங்காது. கூத்துத் தொடங்க முன்னம் ஒவ்வொரு லைட்டின் பக்கமும் கமராவைத் திருப்பிக் கொஞ்சம் ரெக்கோட் பண்ணிப் பெரிய திரையில் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பட்டை நிற்கிற இடத்தில் விடுங்கள்.

விடிய விடிய ஓடுகிற கூத்துக்கு ஆறு மணித்தியாலம் என்று கணக்குப் போடுங்கள். எஃப்எக்ஸ்3இல் 4கே, செக்கனுக்கு 140 மெகாபிட் என்றால் மணித்தியாலத்துக்கு 63 ஜிபி. முழு இரவும் 400 ஜிபிக்குள் முடியும். பொக்கெட்டில் 6கே பிளாக்மேஜிக் ரோ (பதப்படுத்தாத மூலப் பதிவு) 12:1 சுருக்கத்தில் எடுத்தாலே மணித்தியாலத்துக்குச் சுமார் 240 ஜிபி, விடியும்போது ஒன்றரை ரெராபைட்டைத் தொடும். அதையும் இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஆவணப்படுத்தும் வேலைக்கு ரோ எடுக்காதீர்கள் என்பது என் கட்சி.

இனிப் பூட்டுகிற சாமான். முதலாவது பற்றரி. பொக்கெட்டின் என்பி-எஃப்570 ஒரு மணித்தியாலம் ஓடினாலே பெரிய விஷயம். எஃப்எக்ஸ்3இன் பற்றரி 16 வாட்மணி. ஒரு 98 வாட்மணி வி-மௌன்ட் (வெளியே மாட்டும் பெரிய பற்றரி) அதன் ஆறு மடங்கு. அதை டம்மி பற்றரி (பற்றரி இடத்தில் செருகும் போலி) வழியாகக் கொடுத்தால், வி-மௌன்டைக் கழற்றிய கணமே கமரா செத்துவிடும். யூஎஸ்பி-சி பவர் டெலிவரி வழியாகக் கொடுங்கள். உள்ளே சின்னப் பற்றரி இருந்தபடியே இருக்கும், வி-மௌன்ட் மாற்றும்போது ரெக்கோடிங் நிற்காது. கூத்தை நடத்துகிற அண்ணாவியார் பாட்டை நிறுத்திக் காத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அடுத்தது சத்தம். எஃப்எக்ஸ்3இன் எக்ஸ்எல்ஆர் துளைகள் (மைக் கேபிள் செருகுவது) மேல் கைபிடியில் இருக்கின்றன. கிம்பலில் (ஆட்டத்தைத் தடுக்கும் பிடி) வைக்கக் கைபிடியைக் கழற்றினால் அவையும் போய்விடும். சி70இலும் பொக்கெட்டிலும் மினி எக்ஸ்எல்ஆர், அதற்கான கேபிளைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். கொமோடோவில் 3.5 மில்லிமீற்றர் துளை மட்டும், ஆகத் தனி ரெக்கோடர் எடுங்கள். மத்தளம் அடித்து ஏறுகிற இடத்தில் சத்தம் உடையும். ஒரே மைக்கை இரண்டு சனலுக்கும் கொடுத்து, இரண்டாவதைப் பத்து டெசிபல் குறைத்து வைத்தால் தப்பலாம்.

கேஜ் (கமராவைச் சுற்றிப் பூட்டும் சட்டம்), ரொட், மற்பொக்ஸ், மொனிற்றர், வயர்லெஸ் என்று எல்லாவற்றையும் பூட்டினால் 715 கிராம் எஃப்எக்ஸ்3 நாலைந்து கிலோவாகிவிடும். கூத்துக்கு முக்காலியில் நிற்கும்போது பரவாயில்லை. பாண்டிருப்புத் தீமிதிப்பில் சனத்துக்குள் நுழையக் கேஜும் கைபிடியும் ஒரு லென்ஸும் போதும். கேஜில் எச்டிஎம்ஐ கேபிளை இறுக்கும் கிளாம்ப் ஒன்று மட்டும் கட்டாயம் வையுங்கள். யாரோ ஒருவரின் முழங்கை கேபிளில் படத்தான் செய்யும்.

ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போனால் லென்ஸில் பனி படியும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள். உப்புக் காற்றில் வேலை முடிந்தால் அன்றிரவே ஈரம் சற்றே பட்ட துணியால் கமரா உடம்பையும் முக்காலிக் கால்களையும் துடையுங்கள். முக்காலியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

வாடகைக்குக் கொழும்பில் எடுப்பதானால் கடையிலேயே எல்லாவற்றையும் பூட்டி, இருபது நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு கேபிளையும் செருகிப் பாருங்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வந்தபிறகு ஒரு கேபிள் குறைகிறது என்று திரும்ப முடியாது. சார்ஜருக்கு அடப்டரும் வேண்டும்: புதிய சார்ஜரில் சதுரப் பின் இருக்கும், பல கோயில் வளவுகளில் இன்னும் உருளைப் பின் பிளக்தான். இரண்டுக்கும் சரிவருவதாகப் பையில் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றைக் கட்டாயம் மைக்செட்காரர் இரவல் கேட்பார்.