6/6 என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்: கண் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சென்ற டிசம்பரில் மொரிஷியஸில் உள்ள எங்கள் சிகிச்சை நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த இளம் மருத்துவர் ஒருவர், பதினோர் ஆண்டுகளாக நீரிழிவு உள்ள ஓர் அம்மையாரை எழுத்துப் பலகையின் முன் உட்காரவைத்து, இரண்டு கண்களாலும் கடைசி வரி வரை படிக்கவைத்து, அட்டையில் ‘6/6, குறை ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில் பாதி என் மீதே வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே வரியை அதே நம்பிக்கையோடு எழுதியவன் நான்.

சொட்டு மருந்துப் புட்டியின் முனை இமையில் படக்கூடாது, வலக் கண்ணை இடக் கண் என்று எழுதிவிடக் கூடாது என்பன போன்றவற்றை இங்கே நான் எழுதப்போவதில்லை. அவற்றைச் செவிலியர்களே முதல் வாரத்தில் கற்றுத் தந்துவிடுகிறார்கள். ஆண்டுதோறும் புதியவர்கள் செய்வதையும், நோயாளிகள் அதை நம்பி வீடு திரும்புவதையும் பார்த்துச் சலித்த சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கண்மணியை விரிக்காமல் விழித்திரைக்கு நற்சான்று வழங்குவது

ஹெர்மன் ஸ்நெல்லன் என்ற டச்சு மருத்துவர் 1862-இல் வகுத்த எழுத்துப் பலகையைத்தான் இன்றும் சிறு மாற்றங்களோடு பயன்படுத்துகிறோம். ஆறு மீட்டர் தொலைவிலிருந்து இயல்பான கண் எதைப் படிக்குமோ அதை உங்கள் கண்ணும் படிக்கிறது என்பதே 6/6 என்பதன் பொருள். அதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. பலகையைப் படிக்கும் வேலையைச் செய்வது விழித்திரையின் நடுவிலுள்ள, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே கொண்ட ஒரு சிறு குழி. அதைச் சூழ்ந்து பெரியதோர் அஞ்சல் தலை அளவுக்குப் பரந்துகிடக்கும் மீதி விழித்திரையைப் பற்றிப் பலகைக்கு எதுவும் தெரியாது.

நீரிழிவு அந்த மீதியில்தான் தன் வேலையைத் தொடங்குகிறது. முதலில் நுண்ணிய இரத்த நாளங்களின் சுவர் தளர்ந்து, மிளகைவிடச் சிறிய கொப்புளங்களாக ஆங்காங்கே புடைக்கிறது; அவற்றிலிருந்து இரத்தமும் கொழுப்பும் கசிகின்றன. பிறகு சில நாளங்கள் அடைபட்டுப் போக, உயிர்வளி கிடைக்காமல் தவிக்கும் விழித்திரை, புதிய நாளங்களை வளரத் தூண்டும் புரதம் ஒன்றைச் சுரக்கிறது. அதன் அழைப்புக்கு இணங்கி முளைக்கும் நாளங்கள் உறுதியற்றவை. அவை கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ்மத்தைப் பற்றிக்கொண்டு படர்ந்து, ஒரு நாள் காலையில் காரணம் ஏதுமின்றி வெடிக்கின்றன. வெடிப்பதற்கு முந்தைய இரவு வரையிலும் அந்தக் கண் பலகையின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

இங்கே நோயாளிகள், பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியில் ‘மோ த்ரூவ் ப்யேன்’ என்பார்கள். எனக்கு நன்றாகத் தெரிகிறது என்று பொருள். ‘கண்டடைதல்’ என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல் கிரியோலில் ‘பார்த்தல்’ ஆகிவிட்டது. நம்முடைய ‘கண்டேன்’ என்ற சொல்லும் இரண்டு வேலையையும் செய்வதுதான். நோயாளி தாம் காண்பதைச் சொல்கிறார். அவர் கண்ணுக்குள் இருப்பதைக் கண்டடைவது மருத்துவரின் வேலை. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு விளக்கை அணைப்பவர் தம் பாதி வேலையை நோயாளியிடமே ஒப்படைத்துவிடுகிறார்.

நான் அப்படி ஒப்படைத்தது ஒரு பேருந்து ஓட்டுநரிடம். நாற்பத்தாறு வயது, எட்டு ஆண்டுகளாக நீரிழிவு, வாசிப்புக் கண்ணாடிக்காக மட்டும் வந்திருந்தார். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பிற்பகல் வண்டி எடுக்க வேண்டும் என்றார். சரி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இரண்டு கண்களும் 6/6 என்று எழுதினேன். பதினான்கு மாதங்கள் கழித்து வலக் கண்ணுக்கு முன் கரும்புகை சுழல்வது போல் இருக்கிறது என்று வந்தார். உள்ளே இரத்தம் நிறைந்திருந்ததால் விழித்திரையையே பார்க்க முடியவில்லை. இடக் கண்ணை விரித்துப் பார்த்தபோது, புது நாளங்கள் விழித்திரையை இழுத்துச் சுருக்கத் தொடங்கியிருந்தன. இடக் கண்ணைக் காப்பாற்றினோம். வலக் கண்ணில் விரல்களை எண்ணும் அளவுக்கே பார்வை மிஞ்சியது. பேருந்து ஓட்டும் உரிமமும் போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. ‘அன்று நன்றாக இருக்கிறது என்றீர்களே, டாக்டர்?’ என்று மட்டும் கேட்டார்.

இதில் மனத்தை அறுப்பது, அந்தக் கட்டத்துக்கு மருத்துவம் இல்லாமல் போகவில்லை என்பதே. புது நாளங்கள் முளைத்த கண்களில் விழித்திரையின் ஓரப் பகுதிகளை லேசரால் சுட்டால் கடும் பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த பெரியதோர் ஆய்வு 1976-இலேயே காட்டிவிட்டது. வழக்கமாக 1,200 முதல் 1,600 புள்ளிகளை இரண்டு மூன்று அமர்வுகளில் சுடுகிறோம். மையப் பகுதி வீங்கியவர்களுக்குக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகளும் இப்போது உள்ளன. இவை யாவும் இருப்பதைக் காக்கும் மருத்துவங்கள். இழந்ததை மீட்பதில் அவற்றின் திறன் குறைவு. ஆகவே பார்வை மங்கிய பிறகு வாருங்கள் என்று நோயாளியிடம் சொல்வது, வெள்ளம் வந்த பிறகு கரை கட்டலாம் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இளம் மருத்துவர்கள் கூறும் காரணங்களை நானும் ஒரு காலத்தில் கூறியிருக்கிறேன். கூட்டம் அதிகம் என்பது முதல் காரணம். சொட்டு மருந்து வேலை செய்ய இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். நம்மைப் போலக் கரும்பழுப்பு விழி உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். ஆனால் அந்த நேரம் மருத்துவருடையது அன்று. பதிவு செய்யும்போதே செவிலியர் பார்வையை அளந்து மருந்தை விட்டுவிட்டால், வரிசையில் காத்திருக்கும் நேரமே அதற்குப் போதும். வண்டி ஓட்ட வேண்டும் என்பது இரண்டாவது. மங்கல் நான்கு முதல் ஆறு மணி நேரம் நீடிக்கும். அன்று ஓட்டக் கூடாது என்பதும் உண்மை. அதற்காகச் சோதனையைக் கைவிடக் கூடாது; வேறொரு தேதி குறித்து, துணைக்கு ஒருவரோடும் கறுப்புக் கண்ணாடியோடும் வரச் சொல்லி, அந்தத் தேதியை அட்டையில் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. ‘அடுத்த முறை’ என்று வாயால் சொன்னது யாருடைய நாட்காட்டியிலும் இடம்பெறவில்லை.

கண் அழுத்தம் திடீரென்று ஏறிவிடுமோ என்ற அச்சம் மூன்றாவது. முன்பக்கத்து நீர் நிறைந்த இடைவெளி குறுகிய கண்களில் அது நிகழலாம், ஆனால் அரிதாகவே நிகழ்கிறது. பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்துக் கண்மணியைச் சூழ்ந்த நிறவளையத்தின் மறுபாதியில் நிழல் விழுகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். நான்காவது காரணம் புதியது: விரிக்காமலே படம் எடுக்கும் கருவி இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, மிகவும் பயனுள்ளது. ஆனால் கண்புரையாலோ சிறிய கண்மணியாலோ படம் தெளிவில்லாமல் வந்தால், அதற்குச் ‘சோதிக்கப்படவில்லை’ என்றுதான் பொருள். தெளிவற்ற படங்களை ‘இயல்பு’ என்ற அடுக்கில் சேர்த்து வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மொரிஷியஸில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. நம் குடும்பங்களில் தட்டுப்பாடே இல்லை. ஆகவே நோயாளிகளுக்குச் சில சொற்கள். இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த உடனேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடலில் இருந்திருக்கும். முதல் வகையாயின் ஐந்து ஆண்டுகளுக்குள். ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள். அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. அது ஆபத்தை வெகுவாகக் குறைக்கிறது, ஒழிப்பதில்லை. எத்தனை ஆண்டுகளாக நோய் இருக்கிறது என்பதும் இரத்த அழுத்தமும் தம் கணக்கைத் தனியே வைத்திருக்கின்றன. அறையை விட்டு எழுவதற்கு முன், ‘என் விழித்திரையைப் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். ‘பார்வை நன்றாக இருக்கிறது’ என்று பதில் வந்தால், மறுபடியும் கேளுங்கள்.

முதலில் சொன்ன அம்மையாரைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்ப அழைத்து வந்தோம். கண்மணியை விரித்தபின் அந்த இளம் மருத்துவரையே பார்க்கச் சொன்னேன். இடக் கண்ணில் பார்வை நரம்பு தொடங்கும் வட்டின் ஓரத்தில் விசிறியைப் போலப் புது நாளங்கள் விரிந்திருந்தன. அவர் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

சர்க்கரை ஏறியிருக்கும் வாரத்தில் கண்ணாடி எழுதித் தருவது

இரத்தச் சர்க்கரை உயரும்போது கண்ணின் வில்லை நீரை ஏற்று வடிவம் மாறும். பலருக்குத் தூரப் பார்வை மங்கி, வாசிப்புக் கண்ணாடி இல்லாமலே நாளிதழ் படிக்க முடிகிறது. இளமை திரும்பிவிட்டது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. அந்த நிலையில் அளந்து கொடுக்கும் கண்ணாடி, மருந்து தொடங்கிச் சர்க்கரை இறங்கியதும் பயனற்றுப் போகும். சர்க்கரை நிலைபெற்றுச் சில வாரங்கள் கழிந்த பிறகே அளக்க வேண்டும். சில மாதங்களுக்குள் பார்வை அளவு ஏறி இறங்குகிறது என்றால், கண்ணாடிக் கடையைக் குறை சொல்வதற்கு முன் இரத்தத்தைச் சோதிப்பது நல்லது.

சிவந்த கண்ணுக்கெல்லாம் ஸ்டீராய்டு

கரும்பு வெட்டும் காலம் இங்கே ஜூன் மாத அளவில் தொடங்கி ஆண்டிறுதி வரை நீள்கிறது. இயந்திரங்கள் வந்துவிட்டாலும், கல்லும் சரிவுமான நிலங்களில் இன்னும் கையால்தான் வெட்டுகிறார்கள். கரும்புச் சோகை கண்ணில் கீறியது என்று வருபவரின் கருவிழிப்படலத்தில், அதாவது கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தில், பூஞ்சை குடியேறியிருக்கலாம். அங்கே ஸ்டீராய்டு சொட்டு விட்டால் இரண்டு நாளில் சிவப்பு குறையும், வலி குறையும், நோயாளி வாழ்த்துவார். கண்ணின் தற்காப்பு அடங்கிவிட்டதால் பூஞ்சை தடையின்றிப் படலத்தைத் தின்று முடிக்கும். அக்கி வைரசு தாக்கிய கண்ணிலும் இதே கதைதான். நிறமியிட்டு, நீல ஒளியில் படலத்தைப் பார்க்காமல் ஸ்டீராய்டு எழுதக் கூடாது.

நல்ல காரணத்துக்காக எழுதித் தந்ததும் ஆபத்தாகலாம். ஒருமுறை தந்த புட்டியை வைத்துக்கொண்டு, கண் அரிக்கும்போதெல்லாம் வீட்டிலுள்ள அனைவரும் மாதக்கணக்கில் விட்டுக்கொண்ட குடும்பம் ஒன்றை அறிவேன். அதில் பத்தொன்பது வயது மகனுக்குக் கண் அழுத்தம் ஏறி, நரம்பின் ஒரு பகுதி பட்டுப்போயிருந்தது. எத்தனை நாள், எப்போது நிறுத்துவது, மீதியை என்ன செய்வது ஆகிய மூன்றையும் அட்டையில் எழுதுங்கள்.

அழுத்தம் 16 என்பதால் குளுக்கோமா இல்லை என்பது

கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்பது ஒரு புள்ளிவிவர எல்லை. குளுக்கோமா என்பது பார்வை நரம்பு தேயும் நோய்; அந்த எல்லைக்குள்ளேயே நரம்பு தேய்பவர்கள் பலர். நரம்பைப் பாருங்கள். இது குடும்பத்தில் தொடரும் நோய் என்பதால் உடன்பிறந்தவர்களையும் வரச் சொல்லுங்கள்.

புரை முற்றட்டும் என்று காத்திருப்பது

நம் பாட்டிமார் காலத்து அறுவைக்கு அது பொருந்தியது. இன்று முற்றி இறுகிய புரையே அறுவையைக் கடினமாக்குகிறது.

திடீர் மின்னலும் பறக்கும் புள்ளிகளும்

அன்றே வர வேண்டும்.

தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய்

கண்ணில் வேண்டாம்.

‘தைப்பூசம் முடியட்டும், டாக்டர்’

ஜனவரியில் இதை நாள்தோறும் கேட்கிறேன். விரதத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கோர் த கார்ட் மலையடியிலுள்ள முருகன் கோயிலுக்கு நானும் பால்குடம் சுமந்தவன். ஆனால் பத்து நாள் விரதத்தில் இன்சுலினையும் மாத்திரையையும் தாமாகவே நிறுத்துவது ஒரு தவறு. சர்க்கரைக்கு மருந்து தரும் மருத்துவரிடம் முன்பே பேசி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். லேசரைத் தள்ளிப்போடுவது அதைவிடப் பெரிய தவறு. தைப்பூசத்துக்குப் பின் மகா சிவராத்திரி வரும், அதன்பின் சித்திரை வருடப்பிறப்பு வரும், இடையில் ஒரு திருமணமும் வரும்.

அந்த அம்மையாரும் இதையேதான் கேட்டார். லேசர் செய்துகொண்டால் விரதம் முறியாது என்று சொல்லி, கொடியேற்றத்துக்கு முந்தைய வாரத்தில் இரண்டு தேதிகளைக் குறித்தோம். மொக்காவில் நம் பாரதியின் பெயரைத் தாங்கி நிற்கும் அரசுக் கண் மருத்துவமனைக்கு மகளோடு சென்று முதல் அமர்வை முடித்துவிட்டார். அட்டையில் தேதிகளை எழுதியது அந்த இளம் மருத்துவர்தான். ‘6/6’ என்பதை அவர் அடிக்கவில்லை, அது உண்மைதான். ‘குறை ஒன்றும் இல்லை’ என்பதை மட்டும் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்திட்டிருந்தார்.